மலை ஏறினால் மூச்சு ஏன் முட்டுகிறது?

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் முப்பது ஆண்டுகள் பஞ்சாலையில் உழைத்தவர். பஞ்சுத் தூசி அவருடைய மூச்சுக் குழாய்களைச் சுருக்கிவிட்டது. மாடிப்படி ஏறினாலே இரைக்கும். அவருக்கு வெள்ளியங்கிரி ஏற ஆசை. "ஏனுங்க சார், மேல காத்து சுத்தமாத்தானே இருக்கும்? நெஞ்சுக்கு நல்லதுதானுங்களே?" என்று கேட்டார்.

காற்று சுத்தம்தான். உயரே பிராணவாயுவின் விகிதம் குறைந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள், அதுவும் தவறு. கோவையானாலும் எவரெஸ்ட் ஆனாலும் அது 21 சதவீதமே. குறைவது காற்றின் அழுத்தம். கோவையில் அது ஏறத்தாழ 725 மில்லிமீட்டர் பாதரசம். 6,000 அடி உயரத்தில் சுமார் 610. மூச்சுக் குழாயில் நீராவியின் பங்கு 47. அதைக் கழித்து 21 சதவீதம் கணக்கிட்டுப் பாருங்கள்: பிராணவாயுவின் அழுத்தம் கீழே 142, மேலே 118.

இக்குறைவை ஆரோக்கியமானவர் அவ்வளவாக உணர்வதில்லையே, ஏன்? நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் இயல்பு அப்படி. தமனி இரத்தத்தில் பிராணவாயுவின் அழுத்தம் 100-லிருந்து 70-க்கு இறங்கினாலும், ஹீமோகுளோபின் ஏற்கும் பிராணவாயு 97 சதவீதத்திலிருந்து 94-க்குத்தான் இறங்கும். வரைபடமாகப் போட்டால் இப்பகுதி மலையுச்சியின் சமதளம் போலிருக்கும். 60-க்குக் கீழே செங்குத்துச் சரிவு. 40-ஐத் தொட்டால் 75 சதவீதமே. நுரையீரல் நோயாளியோ கீழே இருக்கும்போதே அந்தச் சமதளத்தின் விளிம்பில் நிற்கிறார்! நமக்கு ஓரடி பின்னால் நகர்வது போன்ற குறைவு, அவருக்குப் பள்ளத்தில் விழுவதாகிறது.

வெள்ளியங்கிரியில் உயரத்தைவிட உழைப்பே பெரிய சுமை என்பது என் கருத்து. மூங்கில் தடியூன்றி ஏழு மலை ஏறுகையில் உடல் பல மடங்கு காற்றைக் கேட்கும். சுருங்கிய குழாய்கள் அதைத் தர இயலாது. 2024-இல் பக்தர்கள் சிலர் இம்மலையில் உயிரிழந்தனர். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளோர் ஏற வேண்டாம் என வனத்துறை அறிவுறுத்தியது. இது 'தென்கயிலாயம்' மட்டுமே. வடகயிலாய வலத்தில் வரும் டோல்மா கணவாயிலோ (5,600 மீட்டருக்கு மேல்) காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிதான்.

பெரியவர் சொன்னதிலும் ஓர் உண்மை உண்டு. உயர்ந்த மலைகளில் வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகள் குறைவு. அவற்றால் ஆஸ்துமா வருவோரில் சிலருக்கு அங்கே நோய் தணிகிறது. ஆனால் குளிர்ந்த, உலர்ந்த காற்று வேறு சிலரின் குழாய்களை இறுக்கிவிடும். ஆகவே ஊகம் வேண்டாம், சோதனை வேண்டும். ஊதிப் பார்க்கும் சோதனை, விரலில் கருவி மாட்டி ஆறு நிமிட நடை, 15 சதவீதப் பிராணவாயு மட்டும் கொண்ட காற்றைச் சற்று நேரம் சுவாசிக்கச் செய்து பார்ப்பது எனப் பல வழிகள் உள்ளன.

பெரியவரை நெஞ்சுநோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ஆறு நிமிட நடையிலேயே 93 சதவீதம் 85 ஆயிற்று. அந்த ஆண்டு அவருடைய மகன் மலை ஏறினான். அவர் அடிவாரத்தில், பூண்டி கோயிலில் உட்கார்ந்திருந்தார்.