பிற்பகல் 4 மணிக்கே இருட்டு! லண்டன் குளிரைக் கேட்டுப் பாருங்கள்

மார்கழி மாதம். விடியற்காலை 5 மணி.

குமரி மாவட்டம் மயிலாடியில் கல் பட்டறைகள் இன்னும் திறக்கவில்லை. உளிச் சத்தம் கேட்கவில்லை. டீக்கடை வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள். தலையில் துண்டு. கையில் சூடான டீ.

"என்ன பனி! என்ன பனி!" என்று உடம்பைக் குறுக்கிக் கொள்கிறார்கள்.

அப்போது அங்கே உஷ்ணம் ஏறக்குறைய 22 டிகிரி இருக்கும்!

அதே மாதத்தில் லண்டன் நகரில் இரவு உஷ்ணம் 2 அல்லது 3 டிகிரிதான். சில நாள் பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கிவிடும். பூஜ்யம் என்றால் தண்ணீர் கட்டியாக உறையும் குளிர்.

முன்பெல்லாம் சீமைக்குப் போகிறவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் பெரிது. இப்போது அப்படி இல்லை. பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கத் தாய் போகிறாள். பேரனைப் பார்க்கத் தாத்தா போகிறார். பேறுகாலம் தை மாதம் என்றால் தையில்தானே போகவேண்டும்? குளிரைப் பார்த்தா குழந்தை பிறக்கும்!

போகிறவர்களுக்கு முதல் அதிசயம் குளிர் அல்ல. சூரியன்!

டிசம்பர் 21-ந் தேதி வாக்கில் லண்டனில் சூரியன் உதிப்பது காலை 8 மணிக்கு மேல். மறைவது பிற்பகல் 4 மணிக்கு முன்னால். மொத்தப் பகலே 8 மணி நேரம் இல்லை. மயிலாடியில் அதே நாளில் பகல் 11 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்.

உச்சி வெயில் என்பதும் கிடையாது. நடுப்பகலிலும் சூரியன் தலைக்கு மேலே வராது. நம் ஊரில் மாலையில் தெரிவது போல, பக்கவாட்டில் தாழ்வாக நின்றுவிட்டு இறங்கிவிடும். அதுவும் மேகம் இல்லாத நாளில்தான். லண்டன் பூமியின் வடபாகத்தில் வெகு தூரம் தள்ளி இருப்பதே காரணம்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். 4 மணிக்கே ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கிவிடும். ஊருக்கு டெலிபோன் செய்யலாம் என்றால், அப்போது மயிலாடியில் இரவு ஒன்பதரை மணி. எல்லோரும் படுத்திருப்பார்கள். குளிரைவிட இந்தத் தனிமை வயதானவர்களைப் பிடித்து ஆட்டும்.

போர்வைக்குள் படுக்கத் தெரியாத மேதை

கணித மேதை ராமானுஜன் கதையை இங்கே சொல்லவேண்டும்.

அவர் ஈரோட்டில் பிறந்தவர். கும்பகோணத்தில் வளர்ந்தவர். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். 1914-ம் ஆண்டு மார்ச் மாதம் சென்னையில் கப்பல் ஏறி, ஏப்ரலில் லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து கேம்பிரிட்ஜ் நகருக்குப் போய்க் கல்லூரியில் தங்கினார். லண்டனுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஊர் அது.

வங்காளத்தைச் சேர்ந்த மகலனோபிஸ் என்ற மாணவரும் அப்போது கேம்பிரிட்ஜில் படித்தார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஏற்படுத்திய அறிஞர் இவர்தான். ஒரு நாள் ராமானுஜனைப் பார்க்கப் போனார். "இரவில் குளிர் தாங்குகிறதா?" என்று விசாரித்தார்.

குளிர் அதிகம் என்றார் ராமானுஜன். கோட்டு மாட்டிக்கொண்டு, சால்வையும் போர்த்திக்கொண்டு தூங்குவதாகச் சொன்னார்.

மகலனோபிசுக்குச் சந்தேகம் வந்தது. படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் நிறைய இருந்தன! ஆனால், அவற்றின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகி வைத்திருந்தார்கள். அந்த நாட்டு வழக்கம் அது. கம்பளியைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியாது. கம்பளிகளின் மேலே படுத்து, மேல்விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு நடுங்கினார்.

எவ்வளவு பெரிய மூளை! உலகத்தில் எவரும் அறியாத கணக்குகளை எழுதியவர். பாயில் படுத்துப் பழகியவருக்குக் கட்டில் கம்பளியை யார் சொல்லித் தந்தார்கள்? அவரும் கேட்கவில்லை.

மூன்றாண்டு கழிந்தது. உலக யுத்தம் நடந்த காலம். சைவச் சாப்பாட்டுக்குக் காய்கறி கிடைப்பது கஷ்டமானது. ராமானுஜன் வியாதியில் விழுந்தார். காசநோய் என்று கருதினார்கள். குளிர்ந்த காற்றுதான் காசநோய்க்கு மருந்து என்று நம்பிய காலம் அது. ஆஸ்பத்திரியில் கணப்புத் தீ மூட்டவும் அனுமதி இல்லை. குளியல் அறையில் மட்டும் வெதுவெதுப்பு உண்டு என்றதும், காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கணக்குப் போட நினைத்தார் அந்த மேதை!

1919-ல் தாய்நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் காலமானார். வயது 32. அவருக்கு வந்தது காசநோய் அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சியில் கூறப்பட்டது.

கூச்சம் வேண்டாம்

இன்றைக்கும் மருமகன் வீட்டுக்குப் போகிற மாமியார் வாய் திறந்து எதுவும் கேட்பதில்லை. "குளிருதா அம்மா?" என்றால், "இல்லை மக்கா" என்பாள்.

லண்டன் வீடுகளில் சுவர் ஓரமாக இரும்புத் தகடு போல ஒன்று இருக்கும். அதற்குள் வெந்நீர் ஓடும். அறை சூடாகும். பிள்ளைகள் வேலைக்குப் போனதும், "வீணாகப் பணம் போகிறதே" என்று அதை நிறுத்திவிட்டுப் போர்வையோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோர் உண்டு. இது ஆபத்தான சிக்கனம். வயதானவர்கள் இருக்கும் அறையில் உஷ்ணம் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று அந்த நாட்டுச் சுகாதார இலாகா சொல்கிறது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும். இருதயத்துக்கு வேலை கூடும்.

தடித்த கோட்டு ஒன்றை மட்டும் நம்பக்கூடாது. மெல்லிய துணிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடவேண்டும். இடையே நிற்கும் காற்றுதான் உடம்பின் சூட்டைக் காக்கிறது. காதை மூடவேண்டும். நம் பாட்டிமார் சொன்னதுதான்!

தேங்காய் எண்ணெய் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். லண்டனில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. வெந்நீரில் நிறுத்தி வைக்கவேண்டும்.

தெருவில் இன்னொரு பயம், சறுக்கல். நடைபாதையில் கண்ணாடி போல மெல்லிய பனிக்கட்டி படியும். கண்ணுக்குத் தெரியாது. கால் வைத்தால் வழுக்கும். வயதானவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். செருப்பு உதவாது. அடியில் பிடிப்புள்ள பூட்சு வேண்டும்.

முக்கியமான ரோடுகளில் நகரசபை வண்டிகள் என்ன தூவுகின்றன தெரியுமா? உப்பு! பூமியில் வெட்டி எடுக்கும் கல்லுப்பு. உப்பு கலந்த தண்ணீர் எளிதில் உறையாது. புத்தளம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த குமரி மாவட்டத்துக்காரர் ஊரில் உப்பைக் குழம்பில் போடுகிறார். லண்டன்காரர் ரோட்டில் போடுகிறார்!

ஆற்றின் மேல் யானை

இந்தக் குளிரும் பழைய குளிருக்கு ஈடாகாது. 1814 பிப்ரவரியில் தேம்ஸ் ஆறே உறைந்தது. பனிக்கட்டியின் மேல் கடை போட்டார்கள். ஒரு யானையையும் நடத்திக் காட்டினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். லண்டன் மிஷன் சங்கம் அனுப்பிய ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடி வட்டாரத்தில் ஊழியம் செய்துவந்த காலம் அது. குளிர் நாட்டில் பிறந்த அவர் இங்கே வேர்த்துக்கொண்டிருந்தார்!

அதற்குப் பிறகு லண்டனில் ஆற்றின் மேல் சந்தை கூடவில்லை. நீரோட்டத்தைத் தடுத்த பழைய பாலத்தை இடித்துவிட்டார்கள். சீதோஷ்ணமும் மாறியது.

1952 டிசம்பரில் வந்தது வேறு எமன். 5-ந் தேதி முதல் 9-ந் தேதி வரை பனிமூட்டமும் நிலக்கரிப் புகையும் கலந்து நகரை மூடின. தன் காலே தனக்குத் தெரியவில்லை. பஸ்சுக்கு முன்னால் விளக்குப் பிடித்து நடந்தார்கள். சுமார் 4 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள். 12 ஆயிரம் வரை இருக்கும் என்பது பிந்திய கணக்கு. 1956-ல் புகையைத் தடுக்கச் சட்டம் வந்தது. அந்தக் கரும்பனி இப்போது இல்லை.

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்ற பகுதி இருக்கிறது. தமிழ்க் கடைகள் நிறைந்த இடம். முருகன் கோவிலும் உண்டு. தை பிறந்தால் கடைகளில் கரும்பு வந்துவிடும். வீட்டுக்குள் அடுப்பில் பால் பொங்கும்.

ஆனால், சூரியனுக்குப் படைக்க வேண்டுமே! காலை 8 மணி வரை காத்திருக்கவேண்டும். அது உதிக்கும் நேரத்தில் மயிலாடியில் பிற்பகல் ஒன்றரை மணி. பொங்கல் சாப்பிட்டு முடித்து, திண்ணையில் கண் அயர்ந்திருப்பார்கள்.