சுவாலையும் தணலும்

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா கால்வாய்க் கரையில் பல்லாண்டுகள் தமிழர் குடியிருந்து, 2025 ஜூன் 1ஆம் தேதி இடித்து அகற்றப்பட்ட மதராசி கேம்ப்பில், வீட்டுக்குள் நெருப்பாக இருந்த வஸ்து, வாசற்படி தாண்டியதும் ஹிந்தியில் ‘ஆக்’ ஆகிவிடும். இரு மொழிக்கு இரு பெயர் இருப்பதில் வியப்பில்லை. ஒரே மொழிக்குள் தீ, நெருப்பு, சுவாலை, கனல், தணல், கங்கு என்று இத்தனை சொற்கள் வழங்குவதுதான் யோசிக்கத்தக்கது. காட்டுத்தீ என்கிற நாம் பீடி பற்றவைக்க நெருப்புத்தான் கேட்கிறோம். ஆங்கிலத்திலும் ஃபிளேம் வேறு, எம்பர் வேறு. இந்தப் பேதம் வெறும் அலங்காரமன்று, பௌதிகம்.

விறகு எரிகிறது என்கிறோமே, சுவாலையாக எரிவது விறகன்று, உஷ்ணத்தால் அதிலிருந்து பிரிந்தெழும் வாயுக்களே. மெழுகுவர்த்திச் சுடரின் இருண்ட நடுப்பகுதியில் கண்ணாடிக் குழாயை நுழைத்து, மறுமுனையில் வந்த ஆவியைக் கொளுத்தி, மைக்கேல் ஃபாரடே தமது 1860–61 கிறிஸ்துமஸ் பிரசங்கங்களில் சிறுவர்களுக்கு இதைக் காட்டினார். சுடரின் மஞ்சள் நிறமோ, அதனுள் பழுக்கக் காய்ந்து மிதக்கும் நுண்ணிய கரித்துகள்களின் பிரகாசம்.

வாயுக்கள் தீர்ந்தபின் எஞ்சிய கரி, பிராணவாயு தன்னைத் தீண்டும் மேற்பரப்பில் மட்டும் எரிவது தணல். ஏறக்குறைய 525 டிகிரி செல்சியஸில் திடப்பொருள்கள் மங்கிய செந்நிறம் காட்டத் தொடங்குகின்றன. தணலுக்கு வடமொழியில் அங்காரம். ஹிந்தியின் ‘அங்காரா’வும் அதுவே, சிவந்த செவ்வாய்க் கிரகம் அங்காரகன் ஆனதும் அதனாலேயே. நீறு பூத்த நெருப்பில், சாம்பலானது காற்றைத் தடுத்து எரிதலை மந்தமாக்கி, உஷ்ணத்தையும் போர்த்திக் காப்பதால்தான், இரவில் மூடிவைத்த கங்கு விடியலில் ஊதியதும் கண் விழிக்கிறது.

சுவாலை அடங்கினால் அபாயமும் அடங்கியது என்று எண்ணித்தான், தில்லிக் குளிரில் அங்கீட்டி எனும் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவடைத்து உறங்கியவர்கள் விடியலில் எழாமற் போகிறார்கள். பிராணவாயு போதாத தணல் விடும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிடச் சுமார் 200 மடங்கு வலுவாகப் பற்றிக்கொள்கிறது. நரேலாவின் அடுக்குக் குடியிருப்புக்குப் பெயர்ந்த கேம்ப்வாசிகளுக்கும் தலைநகரில் வாழும் மற்றத் தமிழர்க்கும் ஒரு வேண்டுகோள்: எவ்வளவு குளிரானாலும், படுக்குமுன் அங்கீட்டியை வெளியே வைத்துவிடுங்கள்.