விரல் அறியும் விசை

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, திருவள்ளூரை அடுத்த காக்களூரில், பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட யந்திரங்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் சென்று சேர்ந்தன. காக்களூரிலிருந்து கிழக்கே, ஆவடியை அடுத்து ஏரியை ஒட்டி அமைந்த கோவில்பதாகை போன்ற ஊர்களில், புத்தகமும் நோட்டும் தவிர வேறு வித்தியாசாதனம் அறியாதிருந்த பல இல்லங்களில், முதன்முதலாகப் பிரவேசித்த கணினி அதுவே. அத்தகைய வீடுகளில் ஒரு யந்திரம் ஒருவருக்கு மாத்திரம் உரியதாக இருப்பதில்லை. அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்றதைத் தம்பி எடுத்துக்கொள்கிறான். அவனுக்குப் பின் தகப்பனார் அரசு இணையதளங்களில் விண்ணப்பம் பூர்த்தி செய்ய அதன் முன் அமர்கிறார். திரை மங்காமலும் நினைவகம் பழுதாகாமலும் இருக்கையில், இப்படிக் கைமாறிக் கைமாறி உழைக்கும் யந்திரத்தில் முதலில் தளர்ந்துபோகும் அங்கங்களுள் ஒன்று விசைப்பலகை. ஏனெனில் மனித தேகம் ஓயாமல் தொட்டு, அழுத்தி, தேய்க்கும் பாகம் அது.

ஆயினும் வாங்கும்போது அதைப்பற்றி விசாரிப்பவர் மிகக் குறைவு. விலை, நினைவகம், திரையின் அளவு ஆகியவற்றைத் துருவித் துருவிக் கேட்கும் நாம், விரலுக்குப் பிடித்தது, பிடிக்காதது என்பதை வெறும் சுகவாசிகளின் விருப்பம் என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்த அலட்சியம் தவறானது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

விரலின் விருப்பம் எவ்வாறு உருவாகிறது என்பதற்குத் தமிழ்த் தட்டச்சின் சரித்திரமே நல்ல சாட்சி. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாய் நாட்டுக்குச் சென்ற ஆர். முத்தையா, தமிழின் எண்ணற்ற வடிவங்களைச் சில டஜன் விசைகளுக்குள் அடக்கும் அரிய காரியத்தைச் சாதித்தார். அவர் வகுத்த முறையில் ஜெர்மனியில் தயாரான தட்டச்சு யந்திரங்கள் 1930-களில் புழக்கத்துக்கு வந்தன. அந்த மரபில் பழகியவர், கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் அடிப்பார்; ‘கெ’ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ககரம். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தோன்றி, அரசின் அங்கீகாரமும் பெற்ற தமிழ்99 அமைப்போ, செவிக்குக் கேட்கும் வரிசையை மேற்கொண்டது. முதலில் மெய், பிறகு உயிர். உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கைக்கும் பங்கிடப்பட்டன. ‘அம்மா’ என்று எழுத அகரம், மகரம், மகரம், ஆகாரம் என்று நான்கே தட்டல்கள் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதன்மேல் புள்ளி தானே விழுந்துவிடும்.

கணக்கிட்டுப் பார்த்தால் பின்னதே சிக்கனமானது. ஆனால் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் லோயர், ஹையர் தேர்வுகளுக்காக மாதக்கணக்கில் யந்திரத்தின்முன் அமர்ந்து பழகிய ஒருவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை. அவருடைய அறிவு இப்போது மூளையின் ஆலோசனை மண்டபத்தில் இல்லை. யோசிக்காமலே இயங்கும் தசைகளின் அப்பியாசத்தில் இருக்கிறது. ஆங்கில உச்சரிப்பைக் கொண்டு தமிழ் எழுதும் இளைஞரின் நிலையும் அதுவே. இவ்விருவரும் தமிழ்99 பழகியவரும் ஒரே மடிக்கணினியைப் பயன்படுத்தும் வீட்டில், எந்த விசை அதிகம் தேயும் என்பதுகூட மாறிவிடுகிறது. தமிழ்99-இல் புள்ளி, இடது ஆட்காட்டி விரல் தங்கும் எஃப் விசையில் இருப்பதால், ஆங்கிலத்தில் அவ்வளவாக உழைக்காத அவ்விசை தமிழில் ஓய்வின்றி உழைக்கிறது.

இனி, விசைக்கு அடியில் நிகழ்வதைப் பார்ப்போம். பெரும்பாலான மடிக்கணினிகளில் ஒவ்வொரு விசைமுகமும், கத்தரியைப்போல் குறுக்கே பிணைந்த இரண்டு பிளாஸ்டிக் கைகளின்மேல் அமர்ந்திருக்கிறது. எந்த மூலையில் அழுத்தினாலும் சாயாமல் சமமாக இறங்கச் செய்வது அக்கைகளின் வேலை. நடுவில் ஒரு சிறிய ரப்பர்க் குமிழ். அதற்குக் கீழே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் வெள்ளி கலந்த மையால் மின்தடங்கள் அச்சிடப்பட்டிருக்க, இடைத்தாள் அவற்றைப் பிரித்து வைக்கிறது. குமிழ் மடங்கி அழுந்தும்போது, இடைத்தாளின் துவாரத்தின் வழியே மேல்தடமும் கீழ்த்தடமும் தொட்டுக்கொள்கின்றன, எழுத்துப் பிறக்கிறது. அந்தக் குமிழ் சட்டென்று மடங்குவதைத்தான் விரல் உணர்ந்து, ‘அழுந்திவிட்டது’ என்று நிச்சயித்துக்கொள்கிறது. விசை இறங்கும் ஆழம் குறையக் குறைய இந்த நிச்சயம் குறைகிறது. நிச்சயமில்லாத விரல் தேவைக்கு மேல் பலமாக மோதுகிறது. மேசைக் கணினிகளின் வில்சுருள் விசைகள் சுமார் 4 மில்லிமீட்டர் இறங்குபவை, மடிக்கணினியில் 1.5 மில்லிமீட்டர் கிடைத்தாலே தாராளம் என்றாகிவிட்டது.

ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி மின்கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமான ஒரு வலையில் எல்லா விசைகளும் கோக்கப்பட்டுள்ளன. ஆகவே ஒரு தடம் அறுந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவைபோல் தோன்றும் பல விசைகள் ஒரே நாளில் மௌனமாகிவிடும். கவிழ்ந்த தேநீர் தாள்களின் இடுக்கில் நுண்புழை ஈர்ப்பால் பரவி, காய்ந்து, தடத்தை அரிக்கும். சென்னைப் புறநகரின் ஈரக்காற்றும் அந்த அரிப்புக்குத் துணைபோகிறது. ஒருமுறை அழுத்த இருமுறை எழுத்து விழுவது வேறு ரகம். உலோகத் தொடுமுனைகள் சந்திக்கையில் சில மில்லி விநாடிகள் அதிர்ந்து விலகிச் சேர்வது இயற்கை. யந்திரம் அந்த அதிர்வைப் பொருட்படுத்தாதிருக்கக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. முனை தேய்ந்தோ தூசி படிந்தோ போனால் அதிர்வு நீண்டு, அந்தக் கட்டுப்பாட்டை மீறிவிடுகிறது.

மெல்லிய வடிவத்தின்மீது கொண்ட மோகம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு ஆப்பிள் நிறுவனத்தின் அனுபவமே பிரசித்தமான உதாரணம். 2015-இல் அது கத்தரி அமைப்பைக் கைவிட்டு, பட்டாம்பூச்சிச் சிறகு போன்ற ஓர் அமைப்பைப் புகுத்திற்று. விசை மிகக் குறைந்த ஆழமே இறங்கியது, அசையாது நின்றது, சிலர் உண்மையாகவே அதை விரும்பினார்கள். ஆனால் ஒரு தூசித் துகள் உள்ளே சென்றாலும் விசை சிக்கிக்கொள்ள இடமிருந்தது. 2018-இல் நிறுவனமே இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவிக்க நேர்ந்தது. 2019-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஏட்டின் கட்டுரையாளர் ஒருவர், பழுதான விசைகளின் விளைவைக் காட்ட, ஆங்கில ஈ, ஆர் எழுத்துகள் உதிர்ந்த நிலையிலேயே கட்டுரையை வெளியிட்டார். அவ்வாண்டு இறுதியில் நிறுவனம் கத்தரி அமைப்புக்கே திரும்பிற்று. 2022-இல் வழக்கொன்றை முடித்துக்கொள்ள 5 கோடி டாலர் தர இசைந்தது.

பழுதைக் காட்டிலும் என்னைக் கவலைக்குள்ளாக்குவது பழுதுநீக்கும் முறை. அந்த யந்திரங்களில் விசைப்பலகை மேற்சட்டத்தோடு தறையாணியடித்து இணைக்கப்பட்டு, அச்சட்டத்திலேயே மின்கலமும் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு விசையின் நிமித்தம் மேற்பாதி முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. வேறு பல நிறுவனங்களின் மெல்லிய மாதிரிகளிலும் இன்று இவ்வழக்கம் பரவியிருக்கிறது. இதற்கு மாறாகச் சில திருகாணிகளைக் கழற்றினால் விசைப்பலகை மட்டும் தனியே வந்துவிடும் பழைய மாதிரிகளை, ஆவடியில் மின்சார ரயிலேறி, சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கொண்டுபோனால், அங்குள்ள மெக்கானிக்குகள் காத்திருக்கும் வேளையிலேயே கீபோர்டை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பத்தாண்டு உழைக்கக்கூடிய ஒரு யந்திரத்தைச் சொற்பத் தொகையில் மீட்டுக்கொள்ளும் வழி அது. தடிப்பு சில மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பதை, இந்த லாபத்துக்கு முன் ஒரு குறையாக நான் கருதவில்லை.

ஆதலால் மடிக்கணினி வாங்கச் செல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் நின்றபடியே, நீங்கள் அன்றாடம் எழுதும் மொழியில், பழகிய முறையில், ஒரு பத்தியேனும் அடித்துப் பாருங்கள். விசைப்பலகை மட்டும் தனியே மாற்றக்கூடியதா, அதற்கு என்ன செலவாகும் என்று கேட்டு, பதிலைப் பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள். அரசும், மாணவர்களுக்கென லட்சக்கணக்கில் யந்திரங்கள் கொள்முதல் செய்யும்போது, நினைவகத்துக்கும் திரைக்கும் அளவு குறிப்பது போலவே, விசை இறங்கும் ஆழத்துக்கும், தனியே கழற்றி மாற்றும் வசதிக்கும் ஒப்பந்தப் புள்ளியில் நிபந்தனை விதிக்க வேண்டும்.