டாக்டர் பால் பிராண்டும் தொழுநோய் ஆராய்ச்சியும்

கொல்லிமலை என்றவுடன், தமிழ் பயின்றோர் உள்ளத்தில் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் தோன்றுதல் இயல்பே. ஆயின் எடப்புளி நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு எனப் பல நாடுகளாகப் பகுக்கப்பெற்ற அம்மலையில் வளர்ந்த ஒருவர், தொழுநோயைப்பற்றி உலகங் கொண்டிருந்த பழங்கருத்தொன்றை மாற்றினார் என்பதை அறிந்தார் சிலரே. அவர்தாம் டாக்டர் பால் பிராண்ட்.

1914-இல் பிறந்த இவருடைய பெற்றோர், ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கில நாட்டுத் தொண்டர்கள். மலைமக்களுக்குக் கல்வியும் மருந்தும் அளித்து அவர்களிடையே வாழ்ந்தவர்கள். தாம் சிறுவராயிருந்தபோது தொழுநோயாளர் மூவர் வீட்டிற்கு வந்ததையும், தந்தையார் அன்று கையுறையணிந்து அவர்தம் புண்களைக் கழுவிக் கட்டியதையும் பிராண்ட் பிற்காலத்தே எழுதியுள்ளார். ஒன்பதாம் வயதில் கல்வியின்பொருட்டு இங்கிலாந்து சென்றார். 1929-இல் தந்தையார் கொடிய காய்ச்சலால் மலையிலேயே மாண்டார். மைந்தரோ சில ஆண்டுகள் கட்டிடத் தொழில் பயின்று, பின்னரே லண்டனில் மருத்துவங் கற்றார். தச்சுக்கருவி பிடித்துப் பழகிய பழக்கம் அறுவைக்கருவி பிடித்தற்கும் உதவியதென்றே எமக்குத் தோன்றுகிறது.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு, தோல்நோய் வல்லுநராகிய டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டிலுள்ள தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்தார். ஆங்கே விரல் மடங்கிய நோயாளர் ஒருவரின் கையைப் பற்றிய பிராண்ட், அவர் தம் கையை இறுக்கிய வலிமை கண்டு திடுக்கிட்டார். பயனற்றதென விடப்பட்ட கையில் நல்ல தசைகளும் உளவென்பது அப்போதே அவருக்குப் புலனாயிற்று.

தொழுநோயுற்றார் தசை தானே அழுகி விரல்கள் உதிரும் என்பது அக்கால மக்கள் கொள்கை. மருத்துவருள்ளும் பலர் அங்ஙனமே எண்ணினர். இவ்வொரு கருத்தினால் ஊரும் உறவும் இழந்தோர் எத்துணை பேர்!

பிராண்ட் நோயாளரின் அன்றாடச் செயல்களை ஒற்றரைப்போலக் கவனிக்கலானார். ஒருநாள் துருவேறிய பூட்டொன்றைத் தம்மால் திறக்கவியலாதிருக்க, நோயுற்ற சிறுவனொருவன் சாவியை எளிதில் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலிலோ எலும்பு தெரியுமளவு வெட்டு. அதனை அவன் உணர்ந்திலன். கொதிக்கும் கலத்தை வெறுங்கையால் எடுப்போரையும், ஆணி தைத்த காலோடு நடப்போரையும் கண்டார். இரவில் உறங்குகையில் எலி கடித்து விரலிழந்தாரும் உளர். அதுபற்றி நோயாளர்க்குப் பூனைகள் கொடுக்கப்பட்டனவாம்! புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டிட்டு ஓய்வளித்தபோது, பிறர் புண் போலவே அதுவும் ஆறியது. ஆகவே விரல் குறைதற்குக் காரணம் தசை அழுகுதலன்று, வலியை அறிவிக்கும் நரம்பின் பழுதே என்பது தெளிவாயிற்று.

அந்நரம்பு எவ்விடத்துப் பழுதுறுகிறது? இறந்த நோயாளர் ஒருவரின் உடலை ஆராய்ந்தபோது, முழங்கை, முழங்கால், கணுக்கால் முதலிய, தோலுக்கு மிக அருகே நரம்பு செல்லுமிடங்களில் வீக்கங் காணப்பட்டது. அவ்விடங்கள் உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ந்தவை. 1873-இல் ஹான்சன் என்பார் கண்ட இந்நோய்க்கிருமியோ குளிர்ச்சியை நாடுவது. மூக்கும் காதுமடலும் பெரிதும் தாக்கப்படுதற்கும் இதுவே காரணம். ஆழத்திற் செல்லும் நரம்புகளால் இயங்கும் தசைகள் நலமுற்றிருப்பதால், அவற்றின் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களை நிமிர்த்தலாமென எண்ணி, வேலூரிற் செய்துங் காட்டினார். தொழில் செய்யும் கை மீளப்பெற்றோர் பலர். 1960-இல் லாஸ்கர் பரிசும் அவரை நாடி வந்தது.

1966-இல் அமெரிக்காவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று, தோலும் அழுத்தமும் பற்றி ஆராய்ந்தார். எலியின் பாதத்தில், ஒருமுறை கொடுத்தால் தீங்கு விளைக்காத சிறு அழுத்தத்தையே பல்லாயிரம் முறை நாள்தோறும் கொடுக்க, தோல் சிவந்து வெம்பிச் சின்னாளிற் புண்ணாயிற்று. நெடுந்தொலைவு நடக்கும் நாம், கால் நோவதற்கேற்ப நம்மையறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறோம். உணர்விழந்த காலுடையார் மாற்றுவதில்லை. முதலடி போலவே கடைசி அடியையும் ஒரே இடத்தில் ஊன்றுவர், அவ்விடமே புண்ணாகும்.

பிராண்ட் 2003-இல் மறைந்தார். தொழுநோயைக் கூட்டுமருந்துகளால் முற்றும் தீர்க்கும் முறை 1980-களிலேயே பரவிற்று. எனினும் நீரிழிவால் காலுணர்வு குன்றியோர் இன்று நம் நாட்டில் மிகப் பலர். நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளவும், வெறுங்காலோடு நடவாதிருக்கவும், மெத்தென்ற செருப்பணியவும் மருத்துவர் அவர்க்குக் கூறும் அறிவுரைகளிற் பல, செங்கற்பட்டிலும் வேலூரிலும் தொடங்கிய இவ்வாராய்ச்சியின் வழி வந்தனவே.