கும்பினியின் பக்கம் நின்றோர்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில், இராமநாதபுரக் கடற்கரை முதல் திருநெல்வேலிச் சீமை வரை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் படை நிலைகொண்டது. அதனை எதிர்த்துப் போரிட்டோரின் புகழை நாடு அறியும். அப்படைக்குத் துணைநின்ற உள்ளூர்த் தலைவர்களின் வரலாறும் அறியத்தக்கது.

பழம்பகை

1795இல் கும்பினி, முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து நீக்கி, இராமநாதபுரத்தைத் தன் நேரடிப் பொறுப்பில் கொண்டுவந்தது. அதனை எதிர்த்து 1799இல் மயிலப்பன் சேர்வைக்காரர் முதுகுளத்தூர்ப் பகுதியில் கிளர்ச்சியைத் தொடங்கினார். அண்டை நாட்டுத் தலைவர்கள் அனைவரும் அவ்வழி நிற்கவில்லை. எட்டயபுரத்திற்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் நெடுநாளைய எல்லைப் பகை இருந்தது. எனவே, எட்டயபுரத்தார் தம் வீரர்களைக் கும்பினிப் படையுடன் சேர்த்தனர். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் கட்டபொம்மனைப் பிடித்துக்கொடுத்தனர். அவர் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ‘எட்டப்பன்’ என்பது எட்டயபுர மரபினரின் பட்டப்பெயர். மக்கள் வழக்கில் அது காட்டிக்கொடுப்பவரைக் குறிக்கும் சொல்லாயிற்று.

உரிமைப் போட்டி

1801இல் மருது சகோதரர் காளையார்கோவில் காட்டை அரணாகக் கொண்டு போரிட்டனர். சிறுவயலிலிருந்து காட்டை வெட்டி வழியமைக்க முயன்ற கர்னல் அக்னியூவின் படை, ஆகஸ்டு மாதம் முழுவதும் உழைத்தும் பயன் காணவில்லை. பின்னர் அவர் வேறு வழியை நாடினார். சிவகங்கை அரசமரபில் வந்து, மருது சகோதரரோடு பகைகொண்டு விலகியிருந்தவர் படமாத்தூர்க் கௌரி வல்லப உடையத்தேவர். அவரை அச்செப்டம்பரில் சோழபுரத்தில் அரசுரிமையாளராகக் கும்பினி அறிவித்தது. மரபுரிமையை மதித்த மக்களுள் பலர் அவர் பக்கம் சாய்ந்தனர். அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவில் வீழ்ந்தது. அம்மாதம் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். வெட்டுக்கத்திக்கு வழிவிடாத காடு, பட்டத்துரிமைப் பூசலுக்கு வழிவிட்டது.

பெற்றதும் இழந்ததும்

துணைநின்றோர் பரிசு பெற்றனர். பாஞ்சாலங்குறிச்சி நிலத்தின் ஒரு பகுதி எட்டயபுரத்திற்குக் கிடைத்தது. தொண்டைமான் கீழாநிலையைப் பெற்று, கும்பினியின் மேலாண்மைக்கு உட்பட்ட அரசராகத் தொடர்ந்தார். ஆனால், 1801 டிசம்பரில் வெளியான அறிவிப்பு பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. எதிர்த்தவரின் ஆயுதத்தோடு உதவியவரின் ஆயுதமும் பறிபோயிற்று. 1803இல் நிலையான வரித்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் எட்டயபுரத்தாரும் சிவகங்கையாரும் குறித்த தொகையைக் கும்பினிக்குச் செலுத்தும் ஜமீன்தார்களாயினர். தம் அண்டை வீட்டாரை வெல்ல அந்நியப் படையை அழைத்தவர்கள், இறுதியில் தமக்கெனப் படை வைத்துக்கொள்ளும் உரிமையையும் இழந்தனர்.