நாணயத்தின் நாணயம்

எண்ணெய் கொழிக்கும் நாட்டில் ஏழைக்கென்ன கவலை என்று எண்ணுகிறீர்களா? 2014-இல் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்றது. 2016 ஜனவரியில் முப்பதுக்கும் கீழே விழுந்தது. விழுந்தது விலை மட்டுமா? அதை நம்பி நின்ற கஜானாக்களும் கூடவே விழுந்தன. நாணயத்தின் மதிப்பைக் கட்டி வைப்பதா, அவிழ்த்து விடுவதா? அன்று எழுந்த கேள்வி இது.

சவூதி அரேபியா கட்டி வைத்தது. 1986 முதல் டாலருக்கு 3.75 ரியால், அணுவளவும் அசையவில்லை. அங்கே அது பொருந்தும். விற்பது எண்ணெய், விலையோ டாலரில். ரியாலை மலிவாக்கினால் ஒரு பீப்பாய்கூட அதிகம் விற்காது. உண்ணும் பண்டமோ பெரும்பாலும் கப்பலில் வருவது, அதுதான் விலையேறும். ஆனால், கட்டிக் காக்கக் கையிருப்பு வேண்டுமே! ஏறத்தாழ 73,000 கோடி டாலர், 2017-இல் சுமார் 50,000 கோடியாகக் கரைந்தது. ஒப்பந்தக்காரர்களுக்குச் சர்க்கார் பணம் தாமதமாயிற்று. 2016-இல் அந்நாட்டில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர் கூலியின்றி, சோறின்றித் தவித்தனர். ரியாலின் மதிப்பு மாறவில்லை. ரியால்தான் கைக்கு வரவில்லை!

ரஷ்யா 2014 நவம்பரில் அவிழ்த்துவிட்டது. ஆண்டுத் தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 33 ரூபிள். 2016 ஜனவரியில் 75-க்கும் மேல். பீப்பாய் விலை டாலரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்தது. ரூபிளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியது. சர்க்காரின் வரவு ஓரளவு தப்பிற்று. தப்பாதவன் யார்? ஓய்வூதியக் கிழவன்! 2015-இல் விலைவாசி ஏறத்தாழ 13 சதவிகிதம் ஏறியது. மேலைநாடுகளின் தடைகளுக்கும் அதில் பங்குண்டு, மறுக்கவில்லை.

கட்டவும் வலுவில்லாமல், அவிழ்க்கவும் மனமில்லாமல் நின்றது நைஜீரியா. டாலருக்குச் சுமார் 197 நைரா என்று எழுதி வைத்தார்கள். 2015 ஜூனில், 41 வகைப் பண்டங்களின் இறக்குமதிக்குப் பாங்கியில் டாலர் கிடையாது என்றார்கள். பட்டியலில் அரிசியும் இருந்தது. பல்குத்தும் குச்சியும் இருந்தது! கள்ளச் சந்தையிலோ டாலர் 300-ஐத் தாண்டிற்று. 197-க்கு வாங்கி 300-க்கு விற்கும் வாய்ப்பு யாருக்கு? செல்வாக்குள்ள சீமானுக்கு! சிறு வியாபாரி கள்ளச் சந்தையில் கைகட்டி நின்றான். கஜானா நிறைந்தவன் கட்டட்டும். பலவகைத் தொழில் படைத்தவன் அவிழ்க்கட்டும். இரண்டுமில்லாதவன் பொய் விலை எழுதினால், அந்த நாணயத்தில் நாணயம் ஏது?

2016 ஜூனில் அரைகுறையாக அவிழ்த்தார்கள். 2023 ஜூனில் மறுபடி அவிழ்த்தபோது, 470 நைரா அளவில் இருந்த டாலர், 2024 பிப்ரவரியில் 1,500-ஐத் தாண்டி நின்றது.