குஞ்சுக்கு ஆகாத சுண்ணாம்பு

நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் பொதுவாக ஒரு கொட்டகைக்குள் ஒரே வயதுக் கோழிகள்தான் இருக்கும். வயதுக்கேற்றபடி தீவனத்தை மாற்றுவது அங்கே எளிது. புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்பவருக்கு அந்த வசதி ஏது? தாய்க்கோழி, அதன் குஞ்சுகள், இன்னும் முட்டைக்கு வராத விடைக்கோழிகள், சேவல் எல்லாம் ஒரே இடத்தில்தான் மேய்கின்றன. ஒரு மூட்டைதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? பலர் முட்டைக்கோழித் தீவனத்தை வாங்கி எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். கூட்டத்தில் குஞ்சு இருந்தால் அதைச் செய்யவே கூடாது.

காரணம் கால்சியம். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. அதை நாள்தோறும் ஈடுகட்டவே முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் சேர்க்கிறார்கள். குஞ்சுக்கு 1 சதவீதமே போதும். பெட்டைக்கு மிகுதிக் கால்சியம் முட்டை ஓடாகிப் போய்விடுகிறது. குஞ்சுக்கு அந்த வழி இல்லை. எல்லாவற்றையும் சிறுநீரகமே வெளியேற்றியாக வேண்டும். வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் சிறுநீரகம் பழுதாகிறது. யூரிக் அமிலம் வெளியேறாமல் தேங்கி, இதயத்தின் மீதும் ஈரலின் மீதும் வெள்ளைப் படலமாகப் படிகிறது. சில கோழிகளில் இந்தப் பாதிப்பு வளரும் வயதில் வெளியே தெரியாது. முட்டையிடத் தொடங்கிய பிறகு, காரணமே புரியாமல் சாகும்.

ஆகவே பொதுத் தீவனமாகக் குஞ்சுத் தீவனத்தையோ வளர்கோழித் தீவனத்தையோ வையுங்கள். கூட்டத்தில் சின்னக் குஞ்சுகள் இருந்தால் 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனமே நல்லது. பெரிய கோழிகளுக்கு அதனால் கெடுதல் இல்லை, செலவுதான் கொஞ்சம் கூடும். சேவலுக்கும் இதுவே பொருத்தம்; அதற்கும் கூடுதல் கால்சியம் வேண்டியதில்லை.

அப்படியானால் பெட்டையின் முட்டை ஓட்டுக்கு? கிளிஞ்சலைக் குருணையாக உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும். கோழியின் உடலில் வியக்க வைக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கால்சியம் தேவைப்படும் பெட்டை அதைத் தானே தேடித் தின்னும், அதுவும் பெரும்பாலும் மாலையில். ஓடு உருவாக 20 மணி நேரம் வரை ஆகிறது. அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. கிளிஞ்சல் தூளாக இல்லாமல் குருணையாக இருந்தால் அரைவைப்பையில் மெல்லக் கரைந்து இரவு முழுக்கக் கால்சியம் கொடுத்துக்கொண்டிருக்கும். கூடுதல் கால்சியம் தேவைப்படாத குஞ்சுகள் அந்தக் கிண்ணத்தில் அதிகம் வாய் வைப்பதில்லை.

பஞ்சாரம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்குப் பஞ்சாரத்தைக் கல் வைத்துத் தூக்கி, குஞ்சுத் தீவனத்தை அதற்குள் வைத்துவிட்டால் பெரிய கோழிகளால் எட்ட முடியாது.

குஞ்சுத் தீவனம் வாங்கும்போது மூட்டையில் உள்ள சீட்டைக் கட்டாயம் படியுங்கள். ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சிலவற்றில் மருந்து கலந்திருப்பார்கள். அவற்றில் நிகார்பசின் என்ற மருந்தை முட்டையிடும் பெட்டை தின்றால் மஞ்சள் கருவில் திட்டுகள் விழும், குஞ்சு பொரிப்பதும் குறையும். வீட்டுக்கு முட்டை எடுக்கும் கூட்டத்துக்கு மருந்து கலக்காத தீவனத்தையே கேட்டு வாங்குங்கள்.